நல்ல தேயிலை மரம்: விதையை நடுவதா, தண்டை நடுவதா?

கேள்வி: பூண்டுலோயாப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் பழைய விதைத் தேயிலை இருக்கிறது. அதில் ஒரு மரம் மட்டும் வெயில் மாதங்களிலும் விடாமல் கொழுந்து தருகிறது. மரம் செத்து வெறுமையாகிப் போன இடங்களில் நடுவதற்காக அதன் காய்களைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள், "மெண்டல் கணக்குப்படி நாலில் மூணு கன்றாவது தாயைப் போல வரும்" என்கிறாள். நம்பி நடலாமா?

பதில்: அந்த மரத்தின் குணம்தான் வேண்டுமென்றால் விதையை விட்டுவிடுங்கள், தண்டு வெட்டி நடுங்கள். மகள் படித்த விதியில் பிழை இல்லை. அந்த விதிக்கு வேண்டிய நிபந்தனைகள் உங்கள் தேயிலையில் இல்லை. அவை என்னவென்று விளங்கினால் பிறப்புரிமையியலில், அதாவது குணங்கள் பரம்பரையாக வரும் விதத்தைச் சொல்லும் படிப்பில், பாதி விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மெண்டல் எடுத்துக்கொண்டது பட்டாணி. அதன் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதனால் தலைமுறை தலைமுறையாக ஒரே குணம் மாறாமல் வரும் தூய வழிகள் அவர் கையில் இருந்தன. உருண்டை விதை வழியையும் சுருங்கிய விதை வழியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அவற்றைத் தாமாகக் காய்க்க விட்டபோது 5474 உருண்டையும் 1850 சுருங்கியதும் கிடைத்தன. 1866இல் அச்சில் வந்த கணக்கு இது, ஏறக்குறைய 3:1. ஒரு குணத்துக்கு ஒரு சோடி எதிருருக்கள் (அந்தக் குணத்தை ஆளும் பரம்பரையலகின், அதாவது ஜீனின், வடிவங்கள்) இருக்கின்றன. ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வருகிறது. ஆட்சியான எதிருரு ஒன்று இருந்தாலே வெளியில் தெரியும். பின்னிடைவானது இரண்டும் சேர்ந்தால்தான் தெரியும். ஆகவே 3:1 வர வேண்டுமானால் பெற்றோர் இருவருமே இரண்டு வகை எதிருருவையும் சுமந்திருக்க வேண்டும். அந்தக் குணத்தை ஒரே ஒரு பரம்பரையலகு ஆள வேண்டும். ஆட்சியும் முழுமையாக இருக்க வேண்டும்.

தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய் பிடிப்பது மிகக் குறைவு. நீங்கள் பொறுக்கிய காய்கள் பூச்சிகள் வேறு மரங்களிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தால் பிடித்தவை. தாய் எதுவென்று தெரியும், தந்தை எந்த மரமென்று தெரியாது. வெயிலில் முதலில் வாடும் மரமாகக்கூட அது இருக்கலாம்.

தந்தை தெரிந்தாலும் சிக்கல் தீராது. தேயிலைக் கலத்தில் பரம்பரையலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் 30, அதாவது 15 சோடிகள் உண்டு. மகரந்தத்திலும் சூலிலும் உள்ள இனக்கலமான புணரி உருவாகும் ஒடுக்கற்பிரிவில், ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்றுதான் அந்தப் புணரிக்குப் போகும். எது போகும் என்பது சோடிக்குச் சோடி தனி. 2ஐ 15 தடவை பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: 32,768 விதமான சேர்க்கைகள், ஒரே மரத்திலிருந்து! சோடிகள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும் குறுக்குப் பரிமாற்றத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. கொழுந்தின் அளவு, வரட்சி தாங்குவது போன்ற குணங்களைப் பல பரம்பரையலகுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உங்கள் மரத்தில் அவை நன்றாக அமைந்துவிட்டன. விதையில் அந்த அமைப்புக் கலைந்துவிடும்.

இதற்குச் சாட்சி நம் மலையிலேயே உண்டு. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2023, டி.ஆர்.ஐ. 2025 என்ற தேயிலை இனங்கள் இரண்டும் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய் மரத்தின் விதையிலிருந்து வந்தவை. டி.ஆர்.ஐ. 2025 இனம் வரட்சியை ஓரளவு தாங்கும், டி.ஆர்.ஐ. 2023 தாங்காது. தாய் ஒன்றாக இருந்தும் பிள்ளைகள் இப்படி. அந்த விதைக்கன்றுகளில் நல்லதைத் தேடித் தெரிவுசெய்து, பிறகு தண்டு மூலமே பெருக்கினார்கள். அதுதான் நாம் வீ.பீ. என்று சொல்லும் தேயிலை.

தண்டில் வளரும் கன்றுக்குத் தந்தை கிடையாது, ஒடுக்கற்பிரிவும் கிடையாது. கலங்கள் சாதாரணமாகப் பிரிந்து வளர்வதால் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரைப் போல அதே பரம்பரையலகுகள் அப்படியே வரும்.

ஆனால் தண்டை வெட்டுமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அந்த மரம் எங்கே நிற்கிறது? தண்ணீர் ஓடும் கானின் ஓரத்திலா, மாட்டுப்பட்டிக்குக் கீழேயா, மண் ஆழமான பள்ளத்திலா? அப்படியென்றால் நீங்கள் பார்க்கும் செழிப்பு இடம் தந்ததாக இருக்கலாம். தண்டோடு பரம்பரையலகுகள் வரும், ஈரமும் எருவும் வராது. தோற்றவமைப்பு (வெளியில் தெரியும் குணம்) வேறு, பிறப்புரிமையமைப்பு (உள்ளிருக்கும் பரம்பரையலகுகள்) வேறு என்று மகள் மனப்பாடம் செய்திருப்பாள். அந்த வேறுபாட்டைத் தோட்டத்திலேயே அவளுக்குக் காட்டலாம். பக்கத்து மரங்களும் அதே போலச் செழித்திருந்தால் காரணம் இடம்தான் என்று சந்தேகியுங்கள். அவை வாடும்போது இது மட்டும் பச்சையாக நின்றால் நம்பிக்கை வைக்கலாம். ஒரு கவ்வாத்திலிருந்து (மரத்தை வெட்டிக் குறைப்பதிலிருந்து) அடுத்த கவ்வாத்து வரை இந்த மரத்தின் கொழுந்தையும் சுற்றியுள்ள சில மரங்களின் கொழுந்தையும் தனித்தனியாக நிறுத்து எழுதி வைப்பது இன்னும் நல்லது.

நல்ல மரம் என்று உறுதியானாலும் தோட்டம் முழுவதையும் அதனாலேயே நிரப்பாதீர்கள். இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். நம் முன்னோர் இந்த மலைக்கு வந்தது கோப்பிக்காக. 1869இல் மடுல்சீமையில் முதலில் தெரிந்த இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டுக் கோப்பியை அழித்தது. எங்கு பார்த்தாலும் கோப்பி, அதுவும் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடாத கோப்பி. ஒரு மரத்தைத் தாக்க முடிந்த நோய்க்கு எல்லா மரமும் இடம் கொடுத்தது. ஒரே மரத்தின் தண்டுகளால் நிரம்பிய தோட்டத்துக்கும் அந்த ஆபத்து உண்டு. உங்கள் பழைய விதைத் தேயிலையில் மரத்துக்கு மரம் வேறுபாடு இருக்கிறது, ஆணிவேரும் இருக்கிறது. நன்றாக நிற்பவற்றைப் பிடுங்காதீர்கள். வெறுமையான இடங்களில் இந்த மரத்தின் கன்றுகளோடு, உங்கள் உயரத்துக்கு ஆராய்ச்சி நிறுவனம் சிபாரிசு செய்யும் இரண்டு மூன்று வீ.பீ. இனங்களையும் கலந்து வையுங்கள்.

கவ்வாத்துக்குப் பிறகு அந்த மரத்தில் கொழுந்து எடுக்காமல் வாதுகளை (கிளைகளை) ஓங்க விடுங்கள். நுனியின் இளம் பகுதியும் அடியில் முற்றிச் சிவந்த பகுதியும் வேண்டாம். நடுப்பகுதியிலிருந்து ஓர் இலையும் அதன் கக்கத்தில் ஒரு மொட்டும் உள்ள சிறு துண்டுகளாகக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். பொலித்தீன் பையில் அமில மண், அதன் அமிலத்தன்மையைக் காட்டும் pH பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். கன்று வளர்க்கும் தவறணையில் நிழலும் ஈரமும் குறையக்கூடாது. வேர் பிடிக்கும் தன்மையும் பரம்பரையில் வருவதால் சில மரங்களின் தண்டு இலேசில் வேர்விடாது. ஆகவே முதலில் முப்பது துண்டு மட்டும் வைத்துப் பாருங்கள். வந்த கன்றுகளில் சிலவற்றைத் தோட்டத்தின் மிகக் காய்ந்த மூலையில் நடுங்கள். மானியத்தை எதிர்பார்த்து நடுவதாக இருந்தால் உங்கள் பகுதித் தேயிலை விரிவாக்க உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சிபாரிசு செய்யப்பட்ட இனங்களைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.