காதல் நாவல்கள், பதின்ம வயது நாவல்கள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அண்மைக் காலத்தில் வந்த ஆங்கிலக் காதல் நாவல்களையும் பதின்ம வயதினருக்கான நாவல்களையும் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். படித்தவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொல்வேன். முடிவைச் சொல்ல வேண்டிய இடத்தில் முன்னாலேயே எச்சரித்துவிடுகிறேன்.

அக்கா, ரமணிசந்திரன் படித்து வளர்ந்தவள் நான். ஆங்கிலத்தில் இப்போதுதான் நுழைகிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

எமிலி ஹென்றியின் ‘ஃபன்னி ஸ்டோரி’ (2024). டாஃப்னி குழந்தைகள் பிரிவு நூலகர். அவளை மணக்க இருந்தவன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் தன் பால்ய சிநேகிதி பெட்ராதான் வேண்டும் என்று போய்விடுகிறான். இருக்க இடமில்லாமல் டாஃப்னி போய்ச் சேரும் வீடு யாருடையது என்றால், அந்தப் பெட்ரா கைவிட்ட மைல்ஸினுடையது. ஒரே கூரைக்குக் கீழே மாட்டிக்கொண்ட இரண்டு பேர் மெல்ல மெல்ல ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வது உங்களுக்குப் பழகிய களம்தான், அதனால் சட்டென்று ஒட்டும். உரையாடல் நிறைய, வாக்கியங்கள் எளிமை, அகராதியை அடிக்கடி தேட வேண்டியிருக்காது. எனக்கு இதில் காதலைவிடவும் பிடித்தது டாஃப்னி அந்தச் சின்ன ஊரில் தனக்கென்று ஒரு தோழியையும் ஒரு வேலைப் பெருமையையும் சம்பாதித்துக்கொள்வது. அவன் இல்லாவிட்டாலும் இவளுக்கு இந்த ஊரில் ஒரு வாழ்க்கை இருக்கும் என்று நமக்குத் தோன்றிய பிறகுதான் காதல் உறுதியாகிறது. ஒரு காதல் நாவலை நான் எடைபோடுவதே இதை வைத்துத்தான், கீழே வரும் பதில்களிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன். படுக்கையறைக் காட்சிகள் உண்டு, அதற்குத் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளித் தோழி கொடுத்தாள் என்று ‘ஐஸ்பிரேக்கர்’ வைத்திருக்கிறாள். அட்டையில் கார்ட்டூன் படம் இருந்ததால் நானும் கண்டுகொள்ளவில்லை. சரியான புத்தகம்தானா?

இல்லைம்மா. ஹன்னா கிரேஸின் அந்த நாவல் (2022) முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கானது. பனிச்சறுக்கு நடனக்காரிக்கும் ஐஸ் ஹாக்கி அணித் தலைவனுக்கும் நடக்கும் கல்லூரிக் காதல், உடலுறவு விவரமாக வரும் கதை. உங்களைப் போல ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கடந்த சில வருடங்களாகப் பெரியவர்களுக்கான காதல் நாவல்களுக்கும் பளிச்சென்ற கார்ட்டூன் அட்டை போடுவது வழக்கமாகிவிட்டது, பன்னிரண்டு வயதுக்கான புத்தகமும் முப்பது வயதுக்கான புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரி இருக்கும். இதில் எனக்குப் பதிப்பாளர்கள் மேல் கோபமே உண்டு. வயது விவரத்தை அட்டையில் கண்ணில் படுகிற மாதிரி போட எவ்வளவு செலவாகிவிடும்? சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ வரிசையும் இப்படித்தான், 2015இல் பதின்ம வயதினர் அலமாரியில் வைத்து விற்றார்கள், பிறகு 2020இல் புது அட்டையோடு பெரியவர்கள் பக்கம் மாற்றினார்கள். இடைப்பட்ட வருடங்களில் வாங்கிய பிள்ளைகளை யார் கேட்டார்கள்?

தயவுசெய்து கையிலிருந்து பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த புத்தகத்தை உங்களிடம் காட்ட மாட்டாள். எதுவரை படித்தாள், என்ன புரிந்தது, எது சங்கடமாக இருந்தது என்று பேசுங்கள், இது இன்னும் சில வருடம் கழித்துப் படிக்க வேண்டியது என்று நேராகச் சொல்லுங்கள். கூடவே வேறொன்றைக் கையில் கொடுங்கள். லின் பெயின்ட்டரின் ‘பெட்டர் தேன் த மூவீஸ்’ (2021) அவள் வயதுக்கு ஓரளவு ஒத்துவரும். பக்கத்து வீட்டுப் பையனோடு சண்டை, சினிமாப் பைத்தியமான பெண், இறந்துபோன அம்மாவின் நினைவு. அந்த அம்மா பகுதிதான் புத்தகத்தின் உயிர். ஆலிஸ் ஓஸ்மனின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ சித்திரக் கதை வரிசையையும் தைரியமாகக் கொடுக்கலாம். இரண்டு பையன்களின் காதல் அது. மென்மையாக எழுதப்பட்டது. பிந்தைய பாகங்களில் உணவை வெறுக்கும் மனநோய் பற்றிய பகுதி வரும், அதை மட்டும் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள்.

‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ உண்மையிலேயே நல்ல நாவலா? ஒரு பக்கம் கொண்டாடுகிறார்கள், இன்னொரு பக்கம் திட்டுகிறார்கள்.

நல்ல மையம், தவறான விற்பனை. கொலீன் ஹூவர் இதை எழுதியது 2016இல். சில வருடம் கழித்து டிக்டாக் வாசகர்கள் தூக்கிப் பிடித்த பிறகுதான் இந்த அளவுக்குப் போனது. (இந்தியாவில் டிக்டாக்கை 2020 ஜூனிலேயே தடை செய்துவிட்டார்கள், நமக்கு அந்தப் பரிந்துரைகள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வழியாக வந்து சேருகின்றன.) தன் அம்மா அடிவாங்கிய கதையிலிருந்து எழுதினேன் என்று ஆசிரியரே பின்குறிப்பில் சொல்கிறார். நாயகி லில்லியோடு சேர்ந்து நாமும் அவள் காதலித்து மணக்கும் ரைலை விரும்பிவிடுகிறோம், முதல் அடி விழும்போது அவளைப் போலவே நாமும் அவனுக்குக் காரணம் தேடுகிறோம். “அவ ஏன் அப்பவே விட்டுட்டு வரல?” என்று நம் வீடுகளில் சுலபமாகக் கேட்கிற கேள்விக்கு இதைவிட நேரடியான பதிலை வெகுஜன நாவலில் நான் பார்க்கவில்லை.

திட்டுகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. குடும்ப வன்முறைக் கதையை இனிப்பான காதல் கதை மாதிரி மேசையில் அடுக்கி விற்றார்கள். 2023இல் இதற்கு ஒரு வண்ணம் தீட்டும் புத்தகம்கூட அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். எழுத்தாகவும் பார்த்தால், லில்லியின் பழைய காதலன் அட்லஸ் ஒரு மனிதனாகவே தெரியவில்லை. குறையே இல்லாமல், தேவைப்படும்போது வந்து நிற்பவன். 2022இல் வந்த இரண்டாம் பாகம் முழுக்க அவனுக்காகவே எழுதியது, அது வேண்டியதே இல்லை. முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் அடி உதை பார்த்து வளர்ந்தவர்கள், இப்போது மனது திடமாக இல்லை என்றால், தள்ளிப் போடுங்கள்.

நான் பையன், கல்லூரி இரண்டாம் வருடம். காதல் நாவல் படித்தால் விடுதியில் கேலி செய்கிறார்கள்.

படி தம்பி. அபி ஹிமெனெஸின் ‘யுவர்ஸ் ட்ரூலி’ (2023) எடு. நாயகன் ஜேக்கப் ஒரு டாக்டர், நாலு பேர் கூடும் இடத்தில் பதற்றத்தில் பேச்சே வராதவன், அதனால் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறான். ஆண் மனதுக்குள்ளே நடக்கும் பயத்தை இவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்பதற்காகவே நீ படிக்க வேண்டும்.

‘ஃபோர்த் விங்’ பற்றி?

முதல் பாகம் (2023) விறுவிறு. டிராகன் வீரர்களைப் பயிற்றுவிக்கும் போர்க் கல்லூரி, நுழைவுத் தேர்வே ஒரு குறுகலான பாலத்தைக் கடப்பது, வழுக்கினால் சாவு. நாயகி வயலெட்டுக்கு மூட்டுகள் சுலபமாக நழுவும் உடல். ஆசிரியர் ரெபேக்கா யாரோஸுக்கும் அதே வகை இணைப்புத் திசு நோய் உண்டு, அதனால் வலியைப் பற்றி எழுதிய பக்கங்களில் பொய் இல்லை. அவள் குணமாகிவிடுவதில்லை, இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டே வழி தேடுகிறாள். ஆனால் இரண்டாம் பாகத்திலிருந்தே “நீ என்னிடம் மறைத்தாய்” என்ற ஒரே சண்டை சுற்றிச் சுற்றி வருகிறது. 2025 ஜனவரியில் வந்த மூன்றாம் பாகத்தில் பெயர்கள் குவிந்து யார் எவர் என்றே பிடிபடவில்லை. இதுவும் பெரியவர்களுக்கானதுதான், டிராகன் இருக்கிறதே என்று தம்பி தங்கைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எமிலி ஹென்றியின் ‘ஹேப்பி பிளேஸ்’ முடிவு எனக்குக் கோபத்தை வரவழைத்தது. உங்களுக்கு? *(முடிவு தெரிய வேண்டாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள்.)*

ஹாரியட் அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் இருப்பவள், கடைசியில் அதை விட்டுவிட்டு மண்பாண்டம் செய்யப் போகிறாள், காதலன் வின் இருக்கும் மொன்டானாவுக்கு. நம் ஊரில் ஒரு மெடிக்கல் சீட்டுக்கு ஒரு குடும்பம் என்னென்ன செய்கிறது என்று பார்த்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்கு அவள் முடிவில் பிரச்சினை இல்லை. பெற்றோர் முகத்தில் சந்தோஷம் பார்க்கவே டாக்டர் ஆகப் போனவள், அந்த வேலையை வெறுக்கிறாள் என்றால் விடட்டும். என் குறை கதை சொன்ன விதத்தில். நாவலின் பெரும்பகுதி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், நண்பர்களோடு கடற்கரை வீட்டில் ஒரு வார விடுமுறையில் நடக்கிறது, பழைய நினைவுகளும் பெரும்பாலும் காதலும் நட்பும்தான். அவள் ஆஸ்பத்திரியில் நின்று திணறுவதை நாம் போதிய அளவு பார்க்கவே இல்லை. அதைக் காட்டியிருந்தால் மண்பாண்டம் விடுதலையாகத் தெரிந்திருக்கும். இப்போது அவன் இருக்கும் ஊருக்குப் போக ஒரு சாக்காகத் தெரிகிறது. இதே ஆசிரியர் ‘புக் லவர்ஸ்’ நாவலில் (2022) நோராவை நியூயார்க்கிலேயே, அவளுக்குப் பிடித்த பதிப்புத் துறையிலேயே வைத்துக் கதையை முடித்தவர். அதனால்தான் இங்கே ஏமாற்றம் அதிகம்.

முக்கால்வாசி தாண்டியதும் சின்ன விஷயத்துக்குச் சண்டை போட்டுப் பிரிவார்கள், கடைசி அத்தியாயத்தில் சேருவார்கள். சலித்துவிட்டது அக்கா.

எனக்கும்தான். ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் சண்டை என்றால் நான் அங்கேயே மூடி வைத்துவிடுவேன். சேரப்போகிறார்கள் என்பது காதல் நாவல் தரும் வாக்கு, அதில் குறையில்லை. பிரிவுக்கான காரணம் அவர்கள் குணத்திலிருந்தே வர வேண்டும், அவ்வளவுதான்.

நாற்பது தாண்டியவள், இரண்டு பிள்ளைகள். இருபத்தைந்து வயதுக்காரர்களின் காதலில் மனசு ஒட்டவில்லை.

உங்களுக்காகவே ஒன்று இருக்கிறது, கென்னடி ரயனின் ‘பிஃபோர் ஐ லெட் கோ’ (2022). அட்லான்டாவில் ஒரு கறுப்பினத் தம்பதி, யாஸ்மினும் ஜொசையாவும். விவாகரத்து ஆகிவிட்டது, ஆனால் சேர்ந்து தொடங்கிய உணவகத்தை இன்னமும் சேர்ந்து நடத்துகிறார்கள், பிள்ளைகளை மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். வயிற்றிலேயே ஒரு குழந்தையை இழந்த துக்கமும், அவனை வளர்த்த அத்தையின் சாவும், அதன் பிறகு யாஸ்மினைப் பிடித்த மனச்சோர்வும்தான் அவர்களைப் பிரித்தவை. அவள் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தாள், அவனோ நிற்காமல் வேலை செய்துகொண்டே இருந்தான். யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் வீடு உடைந்தது. மனநல ஆலோசகரிடம் போகவே மாட்டேன் என்று நின்றவன் போய் உட்கார்ந்து பேசத் தொடங்கும் அத்தியாயங்களைப் படித்தபோது அழுதேன். பெரிய பிள்ளை அம்மா மேல் வைத்திருக்கும் கோபமும் அப்படியே நம் வீட்டில் நடப்பது போல இருக்கும். ஒருவரை ஒருவர் ஏற்கெனவே முழுதாகத் தெரிந்தவர்கள் மறுபடி தேர்ந்தெடுப்பதில் உள்ள கனம் புதுக் காதலில் வராது. இந்த வகையில் சில வருடங்களாக நான் படித்ததில் இதற்குத்தான் முதலிடம்.

இந்தியப் பெண்கள் நாயகியாக வரும் கதைகள்?

சந்தியா மேனனின் ‘வென் டிம்பிள் மெட் ரிஷி’ (2017) பதின்ம வயதினருக்கு இன்றும் நல்ல தொடக்கம். கணினி நிரல் எழுதுவதில் டிம்பிளுக்கு இருக்கும் வெறி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதுபோன்ற நாவல்களில் நான் படித்தவரை வட இந்தியக் குடும்பங்களே அதிகம். ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் இரண்டாம் பருவத்தில் (2022) தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த சிமோன் ஆஷ்லி நடித்த கேட் ஷர்மா, மூல நாவலில் ஷெஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பெண். தொடரில் அவள் ‘அப்பா’ என்று தமிழில் சொல்வதையெல்லாம் புத்தகத்தில் தேடாதீர்கள்.

காதல் குறைவாக, கதை அழுத்தமாக, பதினைந்து வயதுப் பையனுக்கு ஒன்று சொல்லுங்கள்.

சூசன் காலின்ஸின் ‘சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்’ (2025). ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையில் குடிகாரராக நாம் பார்த்த ஹேமிச்சின் பதினாறு வயதுக் கதை. பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு அரசு நடத்தும் போட்டிதான் அந்த வரிசையின் களம். இது ஐம்பதாவது போட்டி என்பதால் வழக்கமான 24 பேருக்குப் பதில் 48 பிள்ளைகள். நடந்ததை வெட்டி ஒட்டி அரசு தனக்கு வேண்டிய கதையாகக் காட்டுவதுதான் இதன் மையம், நாள் முழுக்க வீடியோ பார்க்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். முடிவு கனமானது, பக்கத்தில் இருங்கள்.

நடைபாதைக் கடையில் இந்த நாவல்கள் எல்லாம் நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைக்கின்றனவே?

புதுப் புத்தகம் அந்த விலையில் என்றால் பெரும்பாலும் திருட்டு அச்சு. மங்கலான எழுத்து, சொரசொரப்பான தாள், சில சமயம் பக்கங்களே இருக்காது. கையில் காசில்லை என்றால் பழைய புத்தகக் கடையில் நல்ல பிரதி தேடுங்கள், நூலகத்தில் வாங்கிப் போடச் சொல்லிக் கேளுங்கள், தோழிகளோடு பங்கு போட்டு வாங்குங்கள்.

‘டிவைன் ரைவல்ஸ்’ வாங்கி வைத்திருக்கிறேன். படிக்கலாமா?

உடனே படிங்க. ரெபேக்கா ராஸ் எழுதியது, 2023, பதின்ம வயதினருக்கானது, பெரியவர்களும் ரசிக்கலாம். ஒரே பத்திரிகையில் ஒரே பதவிக்குப் போட்டியிடும் ஐரிஸும் ரோமனும், அலமாரிக் கதவுக்கு அடியில் செருகினால் இன்னொருவரிடம் போய்ச்சேரும் தட்டச்சுக் கடிதங்கள், பின்னால் கடவுள்களின் போர். போர்முனைக்குப் போன அண்ணனைத் தேடும் ஐரிஸின் தவிப்புதான் கதையை நகர்த்துகிறது, காதல் அதற்குள்ளேயே வளர்கிறது. போர்க்களப் பகுதிகள் கொஞ்சம் அவசரமாக ஓடுகின்றன, கடிதங்களுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பாகம் மிக மோசமான இடத்தில் நிற்கும், ‘ரூத்லெஸ் வவ்ஸ்’ என்ற இரண்டாம் பாகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.