குடும்பப் பெயரின் வேரை டிஎன்ஏ சோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே, பெரிய மாற்றமில்லாமல் போகிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் பெரும்பாலும் அதே வழியில்தான் இறங்குகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் பெயரையே எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே ஒய் வடிவம்! பல நூற்றாண்டுப் பழைய பெயர் ஒரே மனிதரிடமிருந்து கிளைத்திருக்கலாம் என்பது இன்றும் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது.

சரி, மீதிப் பேர்? தத்து, தாயின் பெயரை ஏற்றது, திருமணத்துக்கு வெளியே பிறப்பு என எங்கோ கண்ணி மாறியிருக்கலாம். ஆகவே பொருந்தாவிட்டால் மனம் உடைய வேண்டாம். பெண்களுக்கு ஒய் கிடையாது. அப்பாவோ உடன்பிறந்த சகோதரரோ சோதனை செய்ய வேண்டும். சோதனையில் 12 குறியீடுகளை (ஒய் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள்) மட்டும் பார்ப்பது போதாது, குறைந்தது 37 குறியீடுகளாவது பாருங்கள்.