ரியோ கிராண்டே: ஆறும் எல்லையும் – கேள்வி பதில்

கேள்வி: ரியோ கிராண்டே முழுவதுமே அமெரிக்க-மெக்சிகோ எல்லைதானா?

பதில்: இல்லை. கொலராடோவின் சான் யுவான் மலைகளில் தோன்றி, நியூ மெக்சிகோவை ஊடறுத்து, ஏறத்தாழ 3,000 கி.மீ. ஓடி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் இந்த ஆற்றில், டெக்சாசின் எல் பாசோ நகருக்குக் கீழுள்ள சுமார் 2,000 கி.மீ. மட்டுமே எல்லை. மெக்சிகோவில் இதன் பெயர் ரியோ பிராவோ.

கேள்வி: இது எப்போது எல்லையானது?

பதில்: 1848-இல், குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கையால். அதற்கு முன் டெக்சாசின் எல்லை வடக்கேயுள்ள நியூசெஸ் ஆறுதான் என்று மெக்சிகோ வாதிட்டது. 1846-இல் இரு நாடுகளுக்கும் இடையே மூண்ட போருக்கு இந்தப் பூசலும் ஒரு காரணம்.

கேள்வி: ஆறு தடம் மாறினால் எல்லையும் மாறுமா?

பதில்: ஆறு கரையைச் சிறிது சிறிதாக அரித்து நகர்ந்தால் எல்லையும் உடன் நகரும், திடீரெனப் புதுத் தடம் பிடித்தால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும் என்று 1884-இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. ஏட்டில் தெளிவாக இருந்த இந்த விதி, எல் பாசோவை ஒட்டிய சாமிசால் நிலத்தில் திணறியது. அங்கே ஆறு மெல்லவும் நகர்ந்திருந்தது, 1864-ஆம் ஆண்டு வெள்ளத்தில் பாய்ந்தும் நகர்ந்திருந்தது. 1911-இல் கனடிய நடுவர் தலைமையில் அமைந்த தீர்ப்பாயம் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அந்த மறுப்பு நியாயமற்றது என்பதே என் கருத்து. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியும் மெக்சிகோ அதிபர் லோபஸ் மத்தேயோசும் ஆட்சியில் இருந்தபோதுதான் உடன்பாடு ஏற்பட்டு, ஆற்றைக் கான்கிரீட் கால்வாய்க்குள் திருப்பினார்கள். அதற்காக எல் பாசோ பக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்ததையும் மறக்கலாகாது.

கேள்வி: தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

பதில்: மலையிலிருந்து வரும் நீரில் பெரும்பகுதி எல் பாசோ வட்டாரப் பாசனத்துக்கே தீர்ந்துவிடுகிறது. ஒஹினாகா அருகே மெக்சிகோவின் கொன்சோஸ் ஆறு வந்து சேர்ந்த பிறகே ஆறு மீண்டும் உயிர்பெறுகிறது. ஆகவே கீழ்ப்பகுதியில் ஓடுவது பெரும்பாலும் மெக்சிகோ மலைகளின் நீர். 1944-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, கொன்சோஸ் உள்ளிட்ட 6 துணையாறுகளின் நீரில் மூன்றில் ஒரு பங்கை, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 43 கோடி கன மீட்டருக்குக் குறையாமல், மெக்சிகோ அமெரிக்காவுக்குத் தர வேண்டும். வறட்சிக் காலங்களில் இந்தப் பங்கு நிலுவையாகிவிடுகிறது. 2020-இல் அதைத் தீர்க்க நீர் திறக்கப்பட்டபோது, சிவாவா மாநில உழவர்கள் லா போக்கியா அணையைக் கைப்பற்றிப் போராடினார்கள்.