மறுப்பதற்கான முன்னேற்பாடுகள்: கேள்வி பதில்

கேள்வி: "தலைவருக்குத் தெரியாமல் நடந்துவிட்டது" என்பது திட்டமிட்டே செய்யப்படும் ஏற்பாடா, ஐயா?

பதில்: அமெரிக்காவில் அது எழுத்திலேயே இருந்தது. இரகசிய நடவடிக்கை அம்பலமானாலும் அரசு தனக்குத் தொடர்பில்லை என்று நம்பும்படி மறுக்க இயலும் வகையில் அதைத் திட்டமிட வேண்டும் என்று தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 10/2 என்னும் ஆணை 1948 ஜூனில் விதித்தது. ஆனால் 1960 மே 1 அன்று சோவியத் வானில் யூ-2 உளவு விமானம் வீழ்த்தப்பட்டபோது, அது வானிலை ஆய்வு விமானம் என்று வாஷிங்டன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ், விமானி பவர்ஸ் உயிருடன் பிடிபட்டிருப்பதை மே 7 அன்று வெளியிட்டார். எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று அறியாமல் மறுக்கக் கூடாது.

கேள்வி: கோப்புகளை மறையாக்கம் செய்து பூட்டும் வெராகிரிப்ட் மென்பொருளில் இரண்டு கடவுச்சொற்கள் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. ஒரு கடவுச்சொல் வெளிப்பகுதியைத் திறக்கும்; மற்றது அதன் காலியிடத்தில் ஒளிந்திருக்கும் மறைபகுதியைத் திறக்கும். வெளிப்பகுதியின் காலியிடம் முழுவதும் தற்செயல் தரவால் நிரப்பப்படுவதால், அங்கே மறைபகுதி இருப்பதை அந்தக் கோப்பை மட்டும் வைத்து நிறுவ இயலாது. ஆனால் அண்மையில் திறந்த கோப்புகளின் பெயர்களை விண்டோஸ் குறித்து வைத்திருக்கும். அதே கோப்பின் பழைய நகல் ஆய்வாளரிடம் இருந்தால், காலியாக இருக்க வேண்டிய இடம் மாறியிருப்பதும் தெரிந்துவிடும். எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்பதே இங்கும் கேள்வி.

கேள்வி: இரண்டாவது கடவுச்சொல் இருந்தால் பாதுகாப்புத்தானே?

பதில்: மேலே உள்ளதைப் படியுங்கள்.

கேள்வி: நீங்கள் தோல்வியை மட்டுமே சொல்கிறீர்கள். ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் தப்பவில்லையா?

பதில்: பாதிதான் தப்பினார். ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணம் நிகராகுவா அரசை எதிர்த்த கிளர்ச்சியாளர்களான கான்ட்ராக்களுக்குத் திருப்பிவிடப்பட்டதை, ரீகன் பின்னர் மறுக்க ஏதுவாக அவரிடம் வேண்டுமென்றே தெரிவிக்கவில்லை என்று அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பாயின்டெக்ஸ்டர் 1987 ஜூலையில் சாட்சியமளித்தார். ஆயுத விற்பனையையோ மறுக்க வழியில்லை. இத்தகைய இரகசிய நடவடிக்கைக்கு அதிபரின் ஒப்புதல் வேண்டும் என்று 1974 முதலே சட்டம் இருந்தது. ரீகன் கையொப்பமிட்ட ஒப்புதல் ஒன்றைத் தாமே கிழித்துப்போட்டதாகவும் பாயின்டெக்ஸ்டர் கூறினார்.

கேள்வி: பதவி போகவில்லையே!

பதில்: போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம் அலுவலகத்தில் நடப்பதை அறியாத அதிபர் என்ற பெயரை இந்த விவகாரத்தை விசாரித்த டவர் ஆணையம் 1987 பிப்ரவரியிலேயே அவருக்குத் தேடித் தந்துவிட்டது. அறியாமையைக் கேடயமாக்குபவர் திறமையின்மையை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

கேள்வி: பிரிட்டனில் கடவுச்சொல்லைத் தர மறுக்கலாமா?

பதில்: மறுத்தால், புலனாய்வு அதிகாரங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறை, தேசியப் பாதுகாப்பு என்றால் ஐந்து. மற்றதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் நீலக் குறியை அணைத்துவிட்டு, பெரியம்மாவின் செய்தியைப் பார்க்கவில்லை என்று சொல்லலாமா?

பதில்: தனிச்செய்தி என்றால் சொல்லலாம். குடும்பக் குழுவில் அந்த அமைப்பு செல்லாது; யார் படித்தார் என்பதை அனுப்பியவர் பார்த்துவிடுவார்.