390 மதிப்பெண்ணும் ஒரு ஏக்கர் மாந்தோப்பும்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊர். இரண்டரை ஏக்கர் மாந்தோப்புதான் சொத்து. மகள் நீட்டில் 390 எடுத்திருக்கிறாள். நாங்கள் எம்பிசி, அதாவது மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஆறாவது முதல் எட்டாவது வரை பணம் கட்டித் தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்தாள். ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவாள் என்று சிலரும் வரமாட்டாள் என்று சிலரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் 2024ல் 520 எடுத்தும் அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை, 390க்கு என்ன கிடைக்கும் என்கிறார்கள். தனியார் என்றால் கோடி வேண்டுமாம். கிருஷ்ணகிரியில் ஒரு ஏஜென்ட் கிர்கிஸ்தானில் சீட் இருக்கிறது, இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்து வருடம், மொத்தம் 25 லட்சம், என்எம்சி என்கிற தேசிய மருத்துவ ஆணையத்தின் அங்கீகாரம் உண்டு, இந்த வாரமே ஒரு லட்சமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுங்கள் என்கிறார். ஒரு ஏக்கரை விற்று அனுப்பட்டுமா, இன்னொரு வருடம் படிக்க வைக்கட்டுமா?

ஒரு தகப்பன், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சான்றிதழ்கள். அவற்றை யாரிடமும் கொடுக்காதீர்கள். சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். சென்னைக்கும் டில்லிக்கும் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் இங்கே கலந்தாய்வில் இடம் ஒதுக்கிவிட்டால், சேரப் போகும்போது ஒரிஜினல் கையில் இல்லாமல் நிற்க வேண்டிவரும். ‘இந்த வாரமே’ என்ற அவசரத்துக்கும் அடிப்படை இல்லை. வெளிநாட்டில் படிக்க நீட் தகுதி மூன்று ஆண்டுகள் செல்லும். உங்கள் மகள் அடுத்த ஆண்டு போக நினைத்தாலும் இதே மதிப்பெண் பட்டியலோடு போகலாம்.

7.5 சதவீதத்தைப் பற்றி: ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரு விலக்கு உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், அதாவது ஆர்டிஇ இடத்தில், எட்டாவது வரை தனியார் பள்ளியில் கட்டணமின்றிப் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இந்த ஒதுக்கீடு பொருந்தும். உங்கள் மகளுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். ஆகவே இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியும் இதில் சேராது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதில் ஏமாறும் குடும்பங்கள் நிறைய. மகளுக்கு வயதில் சிறிய தம்பி தங்கை இருந்தால், ஐந்தாவது முடிக்கும்போதே இதை நினைவில் வையுங்கள். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், தனியார் கல்லூரியாக இருந்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

அடுத்து, பக்கத்து வீட்டுப் பையனின் 520. ஓர் ஆண்டின் மதிப்பெண்ணை இன்னோர் ஆண்டின் மதிப்பெண்ணோடு ஒப்பிடவே கூடாது. 2024ல் 720க்கு 720 எடுத்தவர்களே பலர். 2025ல் இயற்பியல் கடினம், நாட்டில் முதலிடமே 686தான். பார்க்க வேண்டியது தரவரிசை. தமிழ்நாட்டு மருத்துவத் தேர்வுக்குழு தன் பட்டியலில் பொதுத் தரவரிசையையும் இனவாரித் தரவரிசையையும் தனித்தனியே தருகிறது. சென்ற ஆண்டு ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எந்தக் கல்லூரி ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலும் அவர்கள் இணையதளத்தில் இருக்கும். அதில் எம்பிசிக்கு நேராகக் கடைசியாக இடம் வாங்கியவரின் இனவாரித் தரவரிசையைக் குறித்துக்கொண்டு, மகளுடைய எண்ணோடு வைத்துப் பாருங்கள். முதல் சுற்றை மட்டும் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம். கடைசிச் சுற்றில் எண் எவ்வளவு தூரம் கீழே இறங்கியது என்பதுதான் கணக்கு.

இடங்கள் எப்படிப் பிரிகின்றன என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். போலுப்பள்ளியில் இருக்கும் நம் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 150 இடம். அதில் 15 சதவீதம், அதாவது 22 அல்லது 23, அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி சுமார் 127. அதில் 7.5 சதவீதமாக ஒன்பது பத்து இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மிச்சமுள்ள 118 சொச்சத்தில் எம்பிசிக்கு 20 சதவீதம், 23 இடம் போல வரும். 100 இடமுள்ள தருமபுரியில் இதே கணக்குப்படி சுமார் 16. பொதுப்பிரிவின் 31 சதவீதத்தில் உங்கள் மகளும் போட்டியிடலாம், ஆனால் அங்கே இன்னும் உயர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். இந்த அளவில் பார்த்தால் 390க்கு அரசுக் கல்லூரி மிகக் கடினம். அகில இந்திய ஒதுக்கீட்டில் எட்டவே எட்டாது. இதை மறைத்துச் சொல்வதில் உங்களுக்கு நன்மை இல்லை.

இனி நீங்கள் கவனிக்காமல் விட்ட வழிக்கு வருகிறேன். ‘தனியார் என்றால் கோடி’ என்பது நிர்வாக ஒதுக்கீட்டையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் பார்த்துச் சொல்வது. தனியார் சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் ஒரு பெரும்பங்கை, சிறுபான்மை அல்லாத கல்லூரி என்றால் 65 சதவீதத்தை, அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். அந்த இடங்களும் இதே இனவாரி முறையில் இதே கலந்தாய்வில்தான் நிரம்புகின்றன. 2022-23ல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி அவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் நாலரை லட்சத்தை ஒட்டியது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு பதின்மூன்றரை லட்சம். நாலரை ஆண்டுப் படிப்புக்குக் கட்டணம் மட்டும் இருபது லட்சத்தைச் சுற்றி வரும், விடுதியும் சாப்பாடும் தனி. ஏஜென்ட் சொல்லும் 25 லட்சத்தோடு இதை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இங்கே படித்தால் பயிற்சி மருத்துவம் முடிந்த கையோடு மருத்துவராகப் பதிவு. அங்கே படித்தால் திரும்பி வந்து இன்னொரு தேர்வு, இன்னொரு வருடப் பயிற்சி. ஆகவே மகளின் எண்ணை அரசுக் கல்லூரிகளின் கடைசி எண்ணோடு மட்டும் அல்ல, தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீட்டின் கடைசி எண்ணோடும் ஒப்பிட வேண்டும். பெரும்பாலான பெற்றோர் முதல் ஒப்பீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பம் வேறு வேறு. முதலாவதைக் கட்டாயம் போடுங்கள். கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது ‘எது கிடைக்கும்’ என்று யோசித்து எழுத வேண்டாம். விருப்பப்படி மேலிருந்து கீழே எழுதுங்கள், கட்ட முடியாத கல்லூரியை எழுதவே எழுதாதீர்கள். கடைசிச் சுற்றுகளில் இடம் ஒதுக்கியபின் வேண்டாம் என்றால் கட்டிய பணம் போகும், அடுத்த ஆண்டு எழுதத் தடையும் வரலாம்.

இப்போது வெளிநாடு. என்எம்சி எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் அங்கீகாரம் தருவதில்லை, பட்டியலும் வெளியிடுவதில்லை. உலக மருத்துவக் கல்லூரிகள் அடைவில் பெயர் இருப்பதைக் காட்டி அதையே அங்கீகாரம் என்பார்கள், அது வெறும் முகவரிப் புத்தகம் போன்றது. செல்லுபடி ஆவது 2021 நவம்பரில் வந்த வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான விதிகள். படிப்பு மட்டும் குறைந்தது 54 மாதம். அதற்குமேல் அதே கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப். பாடம் ஆங்கிலத்தில். படித்து முடித்தால் அந்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமக்களைப் போல, மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். நடுவில் வேறு கல்லூரிக்கு மாறக் கூடாது.

ஏஜென்ட் சொன்னதை இதில் வைத்துப் பாருங்கள். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்து வருடம் என்றால் மொத்தம் 60 மாதம். அதில் 12 போனால் படிப்பு 48 மாதம். 54க்கு ஆறு மாதம் குறை. அவர் சொன்னது உண்மையானால் அந்தப் பட்டம் இங்கே எதற்கும் உதவாது. பொய்யானால், மற்ற வாக்குறுதிகளையும் நம்ப முடியாது. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம், இன்டர்ன்ஷிப் எங்கே எத்தனை மாதம், அந்நாட்டு உரிமம் வெளிநாட்டவருக்குக் கிடைக்குமா, இம்மூன்றையும் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் கேளுங்கள். தராத இடத்துக்குப் பணம் போகக் கூடாது. பணம் கட்டும் கட்டம் வந்தாலும் அது பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும்.

திரும்பி வந்தபின் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறுக்கு மதிப்பெண் குறைப்புகூட இல்லை. அப்படி இருந்தும் சமீப ஆண்டுகளில் பல அமர்வுகளில் ஐந்தில் ஒருவரே தேறினார்கள். பிள்ளைகள் மந்தம் என்பதல்ல காரணம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் நோயாளி ரஷ்ய மொழியிலோ கிர்கிஸ் மொழியிலோ பேசுவார். ‘எங்கே வலிக்குது, எத்தனை நாளா’ என்று கேட்கத் தெரியாத மாணவி கட்டிலருகே நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். இன்னொன்று, 300ல் 30 கேள்வி சமூக மருத்துவம். நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் அமைப்பு இவையெல்லாம் அதில் வரும். அங்கே இதை யாரும் நடத்தமாட்டார்கள். சட்ட மருத்துவத்தில் வரும் இந்தியச் சட்டங்களும் அப்படித்தான். போகிற பிள்ளை முதல் ஆண்டிலிருந்தே நம் ஊர்ப் பாடநூல்களை வைத்து இணையாகப் படித்தால், உள்ளூர் மொழியை முதல் குளிர்காலத்துக்குள் பேசக் கற்றால், தேறுவது நடக்கிற காரியம். தேறியவர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்தவர்கள்.

பணக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஆறு வருடம், தேர்வும் முடிவும் என்று ஆறு மாதம் முதல் ஒரு வருடம், இங்கே ஒரு வருடப் பயிற்சி. கையில் பதிவு வர ஏழரை, எட்டு வருடம். கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடம்தான் தவணைக்கு விலக்கு. முதல் தேர்வில் தவறினால் சம்பாத்தியம் தொடங்கும் முன்பே தவணை தொடங்கிவிடும். ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கி சொத்து அடமானம் கேட்கும். மீதித் தோப்பும் அதற்குள் போகும். டாலர் ஏற்றம், விசா புதுப்பிப்பு, காப்பீடு, விமானம், கோச்சிங் எதுவும் அந்த 25 லட்சத்தில் இருக்காது.

மறுமுறை எழுதுவதா என்பதை மகளின் விடைத்தாள்தான் சொல்ல வேண்டும். ஓஎம்ஆர் விடைத்தாளின் நகலையும் இறுதி விடைக்குறிப்பையும் வைத்து, பாடவாரியாக சரி, தவறு, விட்டது என்று எண்ணுங்கள். 390 எப்படியும் வரலாம், ஒரு மாதிரி காட்டுகிறேன் (சரிக்கு 4 கூடும், தவறுக்கு 1 குறையும்). உயிரியலில் 90ல் 68 சரி, 22 தவறு: 250. வேதியியலில் 45ல் 28 சரி, 12 தவறு: 100. இயற்பியலில் 45ல் 15 சரி, 20 தவறு: 40. இப்படி இருந்தால் அந்தப் பிள்ளை தெரியாத 54 கேள்விகளுக்குக் குத்துமதிப்பாக விடை போட்டிருக்கிறாள். அவற்றில் ஒவ்வொன்று சரியாகும்போதும் 5 மதிப்பெண் கூடும். உயிரியலில் 12, வேதியியலில் 6, இயற்பியலில் 8 திருந்தினாலே 130 கூடி 520. உயிரியல் பாடநூலை வரி வரியாகப் படித்தால் முதல் 12 வந்துவிடும் என்பதால் இந்த மாதிரிப் பிள்ளைக்கு ஒரு வருடம் தாராளமாகத் தரலாம். மாறாக, உயிரியல் ஏற்கெனவே 320ஐத் தொட்டு இயற்பியலில் பத்தே சரி என்றால், அடிப்படைக் கணக்கே ஆடுகிறது. மூன்று மாதக் கிராஷ் கோர்ஸ் அதைச் சரிசெய்யாது, முழு வருடமும் இயற்பியலுக்கே போகும். நாமக்கல் நீட் கோச்சிங் விடுதியில் சேர்ப்பதானால், வாராந்திரத் தேர்வுக்குப்பின் தவறுகளை யார் உட்கார்ந்து திருத்துகிறார்கள் என்று கேட்டுச் சேருங்கள்.

கால்நடை மருத்துவமும் ஒரு கண் பாருங்கள். மாநில இடங்களுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கல்லூரி இருக்கிறது. மகளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

என் கருத்து இது: கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடியும்வரை தோப்பைத் தொட வேண்டாம். தனியாரில் அரசு ஒதுக்கீடு கிடைத்தால், கடன் வாங்கியாவது, தேவைப்பட்டால் அந்த ஏக்கரை விற்றாவது சேருங்கள். கிடைக்காவிட்டால் ஒரே ஒரு வருடம் மறுமுறை. அதற்குப் பிறகே வெளிநாடு, அதுவும் 54 மாதப் படிப்பு, 12 மாத இன்டர்ன்ஷிப் என்ற கணக்கில் தேறும் கல்லூரி.

மகளின் இனவாரித் தரவரிசை எண்ணையும், பாடவாரியாக சரி, தவறு, விட்டது எண்ணிக்கையையும் அனுப்புங்கள். கல்லூரி வரிசையை நாம் சேர்ந்து எழுதலாம். சாதிச் சான்றிதழில் பெயரின் முன்னெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் திருத்தி வாங்கக் கொஞ்ச நாள் ஆகும்.