சுற்றிப் பார்த்த ஊரில் குடியேறலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தாய்லாந்தின் சியாங் மாய்க்கு நான்கு முறை போயிருக்கிறோம். குளிரும் மலையும் அமைதியும் மனதை விட்டுப் போகவில்லை. ஓய்வுபெற்றதும் அங்கேயே குடியேற நானும் கணவரும் நினைக்கிறோம். சரியான முடிவா?

நீங்கள் எழுதிய தேதிகளைப் பார்த்தேன். நான்கு பயணமும் டிசம்பர். அந்த ஊரின் டிசம்பர் மாதத்தைத்தான் உங்களுக்குத் தெரியும், ஊரை இன்னும் தெரியாது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை வடக்குத் தாய்லாந்தில் காடும் வயலும் எரியும். அண்டை நாடுகளின் புகையும் சேர்ந்துகொள்ளும். ஊர் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருப்பதால் புகை கலைய வழியில்லை. பக்கத்திலேயே இருக்கும் தொய் சுதேப் மலைகூடக் கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. கணவருக்கு ஆஸ்துமா என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது முதல் வரியில் வந்திருக்க வேண்டும். அவருடைய மருத்துவரிடம் பேசாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். அங்கே வாழ்பவர்களில் வசதியுள்ளவர்கள் அந்த இரண்டு மாதமும் தெற்கே கடற்கரைப் பக்கம் போய்விடுகிறார்கள். அப்படியானால் இரண்டாவது வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

எல்லோருக்கும் சொல்வதுதான்: பிடித்த ஊரை அதன் மோசமான மாதத்தில் போய்ப் பாருங்கள். புக்கெட் என்றால் மே முதல் அக்டோபர் வரையிலான மழையில். கிரேக்கத் தீவு என்றால் கப்பல்கள் குறைந்து, கடைகள் பாதி மூடிக் கிடக்கும் ஜனவரியில். நார்வேயின் துரோம்சோ என்றால் சூரியனே உதிக்காத டிசம்பரில். அப்போதும் பிடித்திருந்தால் மேலே பேசலாம்.

சுற்றுலா விசாவிலேயே இருந்துகொண்டு, நாள் முடியும்போது எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் போதாதா?

போதாது. எத்தனை முறை உள்ளே விடுவது என்பது எல்லையில் நிற்கும் அதிகாரியின் கையில். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் இருக்கலாம். வெளியே போய் வந்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்காது. 2025 அக்டோபரிலிருந்து அங்கே வருகையும் வெளியேற்றமும் கைரேகையோடு கணினியில் பதிவாகத் தொடங்கிவிட்டன. முத்திரை தெளிவாக விழவில்லை என்று சமாளித்த காலம் போய்விட்டது.

குடியேற எந்த நாடு சிறந்தது? உடனே பதில் தரவும்.

வயது இல்லை, வருமானம் இல்லை, குடும்பம் பற்றி ஒரு சொல் இல்லை. இவை மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.

பாலியில் நல்ல வில்லா ஒன்று விலைக்கு வருகிறது. வெளிநாட்டவர் பெயரில் நிலம் பதிய முடியாதாம். அங்கே எங்களுக்கு ஆறு வருடமாகத் தெரிந்த ஓட்டுநர் இருக்கிறார், தங்கமான மனிதர். அவர் பெயரில் வாங்கிவிட்டு, தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தக் கேள்வி மாதம் ஒரு முறையாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் 'அவர் தங்கமான மனிதர்' என்ற வரியும் கூடவே வருகிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் இறந்துபோனால் நிலம் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவர் கடன்பட்டால் கடன்காரர் கேட்பார். அவருக்கு விவாகரத்து என்றால் மனைவி பங்கு கேட்பார். அவர்களில் யாருக்கும் நீங்கள் யாரென்றே தெரியாது.

இந்தோனேசியாவின் 1960 நிலச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ முழு உரிமை நிலத்தை வெளிநாட்டவரிடம் சேர்க்கும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசிடம் போகும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. தரகர் சொல்லும் தனி ஒப்பந்தம் அந்த மறைமுக ஏற்பாடுதான். அதை நீதிமன்றத்தில் நீட்டினால், சட்டத்தை மீறியதற்கு நீங்களே சாட்சி கொடுத்ததாக ஆகும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். வாழ்நாள் சேமிப்பில் பாதிக்கு மேல் இப்படி ஒரு வீட்டில் போட்டிருந்தார்கள். யார் பெயரில் வாங்கினார்களோ அவர் விபத்தில் இறந்துவிட்டார். அவருடைய அண்ணன் வந்து பூட்டை மாற்றினார். அந்த அம்மா தன் சமையலறைப் பாத்திரங்களை எடுக்க அனுமதி கேட்டு நின்றதைச் சொல்லும்போது அழுதார். விற்ற தரகர் கமிஷனை என்றைக்கோ வாங்கிக்கொண்டு போய்விட்டார். வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பேனே என்ற வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

நேர்வழி இல்லாமல் இல்லை. தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் பயன்பாட்டு உரிமை பெறலாம். முதலில் 30 வருடம், பிறகு 20, பிறகு 30 என்று நீட்டிக்க இடமுண்டு. இல்லையென்றால் சாதாரணக் குத்தகை. இரண்டிலும் நிலம் உங்களுடையது ஆகாது, அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

தாய்லாந்துக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அங்கேயும் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம், அது முறையான வழி. '30, 30, 30 மொத்தம் 90 வருடக் குத்தகை' என்று விளம்பரம் செய்கிறார்கள். சட்டம் ஒப்புக்கொள்வது முதல் 30ஐ மட்டுமே. மீதி 60 வருடம் வெறும் வாக்குறுதி. நிலம் கைமாறினால் புதிய உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது.

வக்கீல் நீங்கள் தேடிப் பிடித்தவராக இருக்க வேண்டும், தரகர் கைகாட்டியவராக இருக்கக் கூடாது. எதையும் வாங்குவதற்கு முன் அந்த ஊரில் ஒரு முழு வருடம் வாடகைக்கு இருங்கள்.

ஸ்பெயினில் 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் குடியுரிமை என்று படித்தேன். விவரம் தேவை.

அது ஒருபோதும் குடியுரிமையாக இருந்ததில்லை, வசிப்பு அனுமதிதான். அதையும் 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். போர்ச்சுகல் 2023லேயே வீட்டு முதலீட்டை இந்தத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. கிரேக்கத்தில் இருக்கிறது, ஆனால் ஏதென்ஸ், சாண்டோரினி போன்ற இடங்களில் இப்போது 8 லட்சம் யூரோ. படிப்பதில் தேதியைப் பாருங்கள். மூன்று வருடப் பழைய தகவலை நம்பி வீட்டை விற்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஜப்பானில் காலி வீடுகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றனவாம். வாங்கினால் விசா உண்டா?

இல்லை. அங்கே சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. வெளிநாட்டவரும் வாங்கலாம். ஆனால் சொந்த வீட்டுக்கே விருந்தாளியாகத்தான் போய்வர முடியும். வரியும் பழுதுபார்க்கும் செலவும் மட்டும் வருடம் முழுக்க உங்களுடையவை.

இப்போதைய வேலையையே இணையம் வழியாகக் குடியேறும் நாட்டிலிருந்து பார்த்தால் வரி எந்த நாட்டுக்கு?

பெரும்பாலான நாடுகளில் வருடத்தில் ஆறு மாதம் தாண்டினால் நீங்கள் அந்த நாட்டு வரிக் கணக்கில் வந்துவிடுவீர்கள். ஸ்பெயினில் 183 நாள், உலகில் எங்கே சம்பாதித்தாலும் கணக்குக் காட்ட வேண்டும். தாய்லாந்தில் 180 நாள். 2024 முதல் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரி உண்டு. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். விசாவையும் கவனியுங்கள்: வருமானம் உள்ளவர் வேலை செய்யாமல் தங்குவதற்கென ஸ்பெயின் தரும் விசாவில் இணைய வேலையும் வேலைதான். அதற்கு 2023 முதல் தனி விசா இருக்கிறது.

தாய்லாந்து ஓய்வுகால விசாவுக்கு 8 லட்சம் பாட் காட்டினால் போதுமா? கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் அல்லவா?

முடியாது. 50 வயது முடிந்திருக்க வேண்டும். வருடாந்தர நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பணம் அங்குள்ள வங்கியில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது, அதற்கப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. 90 நாளுக்கு ஒரு முறை முகவரியையும் தெரிவிக்க வேண்டும். இந்தத் தொகைக்கே கடன் தேவைப்படுகிறது என்றால் மருத்துவச் செலவுக்கு என்ன செய்வீர்கள்? 70 வயதுக்கு மேல் காப்பீட்டுத் தவணை ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் காப்பீடு கிடைக்காது. முதலில் அந்தக் கணக்கைப் போடுங்கள்.

மனைவிக்கு விருப்பமில்லை. போய்ச் சேர்ந்தால் பழகிவிடுவார் என்று நினைக்கிறேன்.

அவரிடம் பேசுங்கள். அங்கே நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மொழி தெரியாத ஊரில், பேச ஆளில்லாமல், தினமும் கடைக்குப் போய் வருவது அவர். மூன்று மாதம் வாடகைக்கு எடுத்து இருவரும் இருந்து பாருங்கள். மோசமான மாதத்தில். வேண்டாம் என்று அவர் சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

சர்வதேச ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. குடியேறும் நாட்டில் ஸ்கூட்டர் ஓட்டலாமா?

அதில் இருசக்கர வாகனப் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. குடியேறிய பிறகு அந்த உரிமம் சில மாதங்களே செல்லும், உள்ளூர் உரிமத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் மாதமே விண்ணப்பியுங்கள்.