உதவித்தொகைக் கடிதத்தில் எழுதாத தொகை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தை, கசங்காமல் உறையில் போட்டு என்னிடம் ஆலோசனை கேட்க எடுத்து வந்திருந்தார்கள் அந்தத் தம்பதி. மகளுக்கு வான்வெளிப் பொறியியலில் இடம், கூடவே 'சாதனை மாணவர் உதவித்தொகை'. சொந்தபந்தம் மொத்தமும் வாழ்த்திவிட்டது. "இப்போ வேண்டாம்னு சொன்னா அண்ணன் முகத்துல எப்படிங்க முழிக்கிறது?" என்றார் அப்பா. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டியிருக்கும் என்று அம்மா மெதுவாகச் சொன்னார்.

பதறாதீர்கள், பார்க்கலாம் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் சமாதானம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் கழிக்கிறார்கள். அதுவும் முதல் ஆண்டுக்கு மட்டுமே உறுதி. மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எதுவும் இதில் சேராது. இது கட்டணத் தள்ளுபடி. விருது என்ற பெயரில் வந்ததால் யாரும் கணக்குப் போடவில்லை. நான்கு வருடச் செலவையும் கூட்டி, உறுதியான தொகையை மட்டும் கழித்து, மீதியைத் தாளில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்த அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இன்னொன்றும் சொன்னேன்: பல நாடுகளில் ராக்கெட், ராணுவ விமானம் சார்ந்த வேலைகளுக்கு அந்நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள். பட்டம் கையில் இருந்தாலும் வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கதவுகள் திறக்காது. வீட்டை வைத்துக் கடன் வாங்காதீர்கள். இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

அப்புறம் அந்தப் பெண்ணிடம் பேசினேன். விமானம் பிடிக்கும். கணிதத்தில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் நாள் முழுக்கச் சமன்பாடுகளோடு உட்கார்வதை நினைத்தாலே அலுப்பு என்றாள். கடைசியாக நேரம் போவது தெரியாமல் என்ன செய்தாய் என்று கேட்டேன். சைக்கிள் கியரைப் பிரித்து, ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கி, திரும்ப மாட்டியதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் மாறியது.

இந்தப் பெண்ணுக்கான படிப்பு விமானப் பராமரிப்பு. "மெக்கானிக் வேலையா?" என்று அம்மா திடுக்கிட்டார். ஆமாம், அதேதான். பழுது பார்த்த விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் உரிமை, லைசென்ஸ் பெற்ற பராமரிப்புப் பொறியாளருக்கு உண்டு. ஐரோப்பிய முறையில் எஞ்சினும் கட்டமைப்பும் பார்ப்பவர்களுக்கு பி1 என்ற பிரிவு லைசென்ஸ், மின்னணுக் கருவிகள் பார்ப்பவர்களுக்கு பி2. தேர்வில் பாஸ் ஆனால் மட்டும் போதாது, ஹேங்கரில், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் கூடத்தில், உண்மையான விமானத்தில் வேலை செய்த அனுபவத்தையும் பதிவேட்டில் காட்ட வேண்டும்.

சாதனைக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதுதானே உறவினர்களின் கவலை? உலகத் திறன் போட்டியான வேர்ல்ட்ஸ்கில்ஸில் விமானப் பராமரிப்பு தனிப் பிரிவு. பெரும்பாலான பிரிவுகளில் வயது வரம்பு 22. இதில் 25 வரை. அவரவர் நாட்டில் தேர்வானவர்கள், நாட்டின் பெயரோடு வந்து நிற்பார்கள். நான்கு நாள் போட்டி. உலோகத் தகட்டை வெட்டி ரிவெட் அடிக்க வேண்டும். போரோஸ்கோப் என்ற மெல்லிய குழாய் போன்ற பார்க்கும் கருவியை உள்ளே விட்டு எஞ்சினுக்குள் விரிசல் தேட வேண்டும். போல்ட் தளராமலிருக்க லாக்வயர் முறுக்கும்போது, திசை மாறினால்கூட வேலை தவறு. தங்கம், வெள்ளி, வெண்கலம் தவிர, குறிப்பிட்ட தரத்தைத் தொட்டவர்களுக்குச் சிறப்புப் பதக்கமும் உண்டு. விமானப் பராமரிப்பில் உள்ள பெண்களுக்காகவே ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது. பயிற்சிக்கும் கருவிகளுக்கும் உதவித்தொகை தருகிறது. இந்தப் பக்கம் விண்ணப்பிப்பவர்கள் குறைவு என்பது என் அனுபவம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பராமரிப்புத் துறையில் 50 ஆண்டு உழைத்தவர்களுக்கு சார்லஸ் டெய்லர் பெயரில் விருது தருகிறது. டெய்லர் யார் தெரியுமா? ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை மெக்கானிக். அவர்கள் கேட்ட எடையில் எஞ்சின் செய்து தர எந்த நிறுவனமும் முன்வராதபோது, கடையிலிருந்த கடைசல் இயந்திரத்தையும் துளையிடும் இயந்திரத்தையும் வைத்து ஆறே வாரத்தில் செய்து கொடுத்தார். 8 குதிரைத்திறன் போதும் என்றார்கள். அது 12 கொடுத்தது. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் பறந்தது அந்த எஞ்சினால்தான். இதைக் கேட்டதும் அந்தப் பெண் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இந்தப் படிப்பிலும் ஏமாற்று உண்டு. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இருக்கிறதா, எந்தப் பிரிவு லைசென்ஸுக்கு, செய்முறைக்கு எந்த ஹேங்கர் என்று எழுத்தில் கேளுங்கள். 'வேலை நிச்சயம்' என்று மட்டும் சொல்லி இதற்குப் பதில் தராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பல்கலைக்கழக இடத்தை உறுதி செய்ய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் அவளை ஒரு முழு நாள் ஹேங்கருக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். இரைச்சல், எண்ணெய், இரவு ஷிஃப்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவளே சொல்லட்டும். பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.